ஞாயிறு ராத்திரி வண்டியை யார் ஓட்டுவார்கள்?

கேள்வி: சார்லட் பக்கம் கான்கார்டில் இருக்கிறேன். வயது 31, கிரீன் கார்டு உண்டு. கிளாஸ் ஏ உரிமம் எடுத்து ஆறு வருடமாகப் பதினெட்டுச் சக்கர வண்டி ஓட்டுகிறேன். கடைகளுக்குச் சரக்கு இறக்கும் வேலை. வாரத்தில் மூன்று ராத்திரி வெளியே தங்கல். அப்பா சங்ககிரியில் லாரி டிரைவராக இருந்தவர், அதனால் தொழில் புதிதில்லை. இப்போது இங்கே ஒரு ஸ்டாக் கார் ரேஸ் டீமில் ஹாலர் (பந்தயக் கார்களை ஏற்றிப்போகும் டிரக்) ஓட்ட ஆள் தேடுகிறார்கள். நாஸ்கார் அமைப்பின் முதல்நிலைத் தொடரான கப் தொடரில் ஓடும் டீம்தான், ஆனால் பெரிய டீம் இல்லை. தெரிந்தவர் மூலம் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு ரொம்ப ஆசை. மனைவி மருத்துவமனை லேபில் வேலை பார்க்கிறார், இரண்டு வயதில் மகள். “லாரி ஓட்டுறதுதானே? கொண்டுபோய் விட்டுட்டு வரவேண்டியதுதானே, எதுக்கு வாரக்கடைசி முழுக்க அங்கேயே இருக்கணும்?” என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சம்பளமும் இப்போது வாங்குவதைவிடக் கொஞ்சம் குறைவு. போகலாமா? இதில் எதிர்காலம் உண்டா?

– பெயர் வேண்டாம், கான்கார்ட், வட கரோலினா

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்திலேயே உருப்படியான கேள்வி உங்கள் மனைவி கேட்டதுதான். இப்போது நான் டிரக் ஓட்டப் பழக்கிக்கொடுக்கிறேன். அதற்கு முன் பல சீசன் ஹாலர் ஓட்டியவன். என்னிடம் இந்த வேலையைப் பற்றி விசாரிக்கிற பையன்கள் எல்லாரும் எந்த டிரைவரின் கார், எத்தனை மைல் என்றுதான் ஆரம்பிப்பார்கள். “அங்கே போய் என்ன வேலை?” என்று கேட்டவர்கள் அபூர்வம்.

அங்கே நிறைய வேலை. ஹாலர் என்பது காரை ஏற்றிப்போகும் வண்டி மட்டும் இல்லை. ரேஸ் நடக்கும் இடத்தில் டீமுக்குப் பட்டறை, ஆபீஸ், ஸ்டோர் ரூம், சமையலறை எல்லாமே அதுதான். 53 அடி டிரெய்லர், இரண்டு தளம். மேலே இரண்டு கார், ஒன்றன்பின் ஒன்றாக: ஒன்று ஓடப்போகும் கார், இன்னொன்று அது அடிபட்டால் எடுக்கிற மாற்றுக் கார். பின்னால் இருப்பதுதான் முதலில் இறங்கும் என்பதால் மாற்றுக் காரை முதலில் ஏற்றுவார்கள். கீழ்த்தளத்தில் நடுவே ஒரு சந்து, இரண்டு பக்கமும் அலமாரிகள்: ஸ்பிரிங், ஷாக், கியர், போல்ட் எல்லாம் இழுப்பறை இழுப்பறையாக. முன்கோடியில் ஒரு சின்ன அறை, டீமை நடத்தும் க்ரூ சீஃபும் ரேஸ் டிரைவரும் உட்கார்ந்து பேசுவதற்கு. பின்பக்கத்து லிஃப்ட் கேட், கார்களை இறக்கி முடித்ததும் மேலே தூக்கி நிறுத்தினால் வாசலுக்குப் பந்தலாகிவிடும். டயரும் பெட்ரோலும் நீங்கள் சுமக்க வேண்டியதில்லை. டயர் குட்இயர்காரர்கள் அங்கேயே தருவார்கள், எரிபொருள் சுனோகோ. மற்றதெல்லாம் உங்கள் வண்டியில்தான் போகிறது. சனிக்கிழமை மதியம் ஒரு மெக்கானிக் ஓடிவந்து “அந்தப் பிராக்கெட் எங்கே?” என்று கேட்டால், எத்தனையாவது இழுப்பறை என்று நீங்கள் வாயைத் திறந்ததும் சொல்ல வேண்டும். அதற்குத்தான் உங்களை அங்கேயே வைத்திருக்கிறார்கள்.

ஒரு சாதாரண வாரம் இப்படி இருக்கும். ஞாயிறு ரேஸ் முடிந்து திங்கட்கிழமை ஷாப்புக்கு, அதாவது டீமின் பட்டறைக்கு, வந்து சேர்வீர்கள். ஓடிய காரை இறக்கி, அலமாரிகளை எண்ணி நிரப்பி, வண்டியை உள்ளும் புறமும் கழுவ வேண்டும். அடுத்த ரேஸ் எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்து புதனோ வியாழனோ கிளம்ப வேண்டும். ரேஸ் தடத்துக்குப் போய்ச் சேர்ந்தால் மறுபடி கழுவல். ரோட்டில் அடித்த பூச்சியோடு ஸ்பான்சர் பெயரைக் கொண்டுபோய் நிறுத்த எந்த டீமும் விடாது. சக்கரத்து அலுமினியத்தைக்கூட முகம் தெரிகிற மாதிரி துடைக்கச் சொல்வார்கள். அப்புறம் நாஸ்கார் ஆட்கள் கைகாட்ட, காரேஜுக்குள் வரிசையாக நிறுத்துவது. புள்ளிப் பட்டியல் வரிசைப்படிதான் இடம். முதலிடத்து டீம் வசதியான பக்கம், நீங்கள் சேரப்போகும் டீம் அநேகமாக மறுகோடி. பிரிஸ்டல், மார்ட்டின்ஸ்வில் இரண்டும் அரை மைல் தடங்கள். வண்டிகள் எல்லாம் நடுவில் உள்ள வளாகத்துக்குள் நெருக்கியடித்து நிற்க வேண்டும். அங்கே உங்கள் ரிவர்ஸை எல்லா டீமின் டிரைவர்களும் கைகட்டி நின்று பார்ப்பார்கள். கடையின் பின்வாசலில் ரிவர்ஸ் எடுத்துப் பழகியவருக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் முதல்முறை வியர்க்கும்.

அப்புறம் சமையல். பல டீம்களில் மதியம் கிரில் போடுவது ஹாலர் டிரைவர்தான். பர்கர், கோழி, அவ்வளவுதான், பிரமாதமாக ஒன்றும் வேண்டாம். நீங்கள் சைவமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில டீம்கள் வெளியில் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்துவிடும்.

ஓட்டுவதைப் பற்றி நீங்கள் கேட்கவேயில்லை. ஆறு வருட அனுபவம் போதும் என்று நினைத்திருப்பீர்கள். பெரும்பாலும் சரிதான், ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. நீங்கள் இப்போது இழுக்கும் டிரெய்லரில் எடை தரையோடு உட்கார்ந்திருக்கிறது. இதில் ஒவ்வொன்றும் 3,200 பவுண்டுக்கு மேல் உள்ள இரண்டு கார்கள் உங்கள் தலைக்கு மேல் உயரத்தில் நிற்கின்றன. நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் வளைவில் பலகையில் போட்டிருக்கும் வேகம் உங்களுக்கு இல்லை, அதற்கும் கீழே போக வேண்டும். டெக்சஸின் அமரிலோ தாண்டி நியூ மெக்சிகோ வரை பக்கவாட்டுக் காற்று அடிக்கிற நாளில், சாதாரண வண்டிகள் போகிறதே என்று நீங்களும் போகக்கூடாது. மொத்த எடை 80,000 பவுண்டுக்குள் இருக்க வேண்டும் என்ற சட்டம் இங்கேயும் உண்டு. டீம்காரர்கள் ஒவ்வொரு வாரமும் “இதையும் போட்டுக்கோ” என்று ஏதாவது ஒரு பெட்டியோடு வருவார்கள். எடை மேடையில் மாட்டினால் டிக்கெட் உங்களுக்கு. கிளம்பி முதல் 50 மைலுக்குள் ஒருதரம் நிறுத்தி ஸ்ட்ராப் இறுக்கம் பார்க்க வேண்டும் என்ற விதி உங்களுக்குத் தெரிந்ததுதான். சரக்கு வண்டியில் அதைச் சடங்காகச் செய்வோம். இங்கே மேல்தளத்துக்கு ஏறி, ஒவ்வொரு ஸ்ட்ராப்பையும் கையால் தட்டிப் பார்ப்பீர்கள். லேசாகத் தளர்ந்தாலே, முன்கார் பின்காரைத் தொட்டு ஒரு சின்னக் கீறல் விழுந்தால் போதும், வெள்ளிக்கிழமை காலை மொத்த டீமும் உங்களைத்தான் பார்க்கும்.

இனி முக்கியமான விஷயம். நேர்காணலுக்குப் போனால் சம்பளத்துக்கு முன் இதைக் கேளுங்கள்: “ஞாயிறு ராத்திரி வண்டியை யார் ஓட்டுவார்கள்? அவர் எத்தனை மணியிலிருந்து ஓய்வில் இருப்பார்?”

சட்டம் உங்களுக்கு மனப்பாடம். பத்து மணி நேர ஓய்வுக்குப் பிறகு வேலையைத் தொடங்கினால் 14 மணி நேரத்துக்குள் 11 மணி நேரம் ஓட்டலாம். அந்த 14 மணி நேரத்தில் ஸ்டியரிங் பிடிக்காத வேலையும் சேரும். ஞாயிறு காலை எட்டு மணிக்குக் காரேஜில் இறங்கி, பெட்டி தூக்கி, கிரில் போட்டு, ரேஸின்போது சாமான் எடுத்துக்கொடுத்தால் உங்கள் கடிகாரம் எட்டு மணிக்கே ஓட ஆரம்பித்தாயிற்று. மூன்று மணிக்குக் கொடி அசைந்தால் முடிய ஆறரை, ஏழு ஆகும். மூட்டைகட்டி, காரை ஏற்றி, வாசலைத் தாண்டும்போது எட்டரை. உங்களுக்கு மிச்சம் ஒன்றரை மணி நேரம். ஜெயித்துவிட்டால் இன்னும் மோசம்: மேடையில் போட்டோ, பிறகு நாஸ்காரின் சோதனை, அதெல்லாம் முடியும்வரை வண்டி நகராது. டீம் முழுக்கக் கட்டிப்பிடித்துக் கொண்டாடும்போது ஹாலர் டிரைவர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒழுங்கான டீமில் இதற்கு ஏற்பாடு இருக்கும். இரண்டாவது டிரைவர் பகல் முழுக்க ஹோட்டலில் தூங்கிவிட்டு சாயங்காலம் வந்து சாவியை வாங்கிக்கொள்வார். இல்லையென்றால் நீங்கள் பத்து மணி நேரம் படுத்துவிட்டுத் திங்கள் காலை கிளம்பலாம் என்பார்கள். இரண்டும் சரி. மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, அதைத்தான் கவனிக்க வேண்டும். வண்டி நகர்ந்தால் மின்னணு லாக், அதாவது வேலை நேரப் பதிவேடு, தானாகப் பதிவு செய்துவிடும். வண்டி நிற்கும்போது நீங்கள் காரேஜில் டூல் பாக்ஸ் தள்ளினீர்களா, தூங்கினீர்களா என்று அதற்குத் தெரியாது. அதை நீங்கள்தான் கையால் குறிக்க வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு டீமில், பெயர் வேண்டாம், “பகல் முழுக்க ஓய்வு என்று போட்டுக்கோ, எல்லாரும் அப்படித்தான்” என்றார்கள். எல்லாரும் அப்படி இல்லை. ரேஸ் டெலிவிஷனில் வருகிறது, தம்பி. டீம் சட்டை போட்டுக்கொண்டு காலை பத்து மணிக்கு நீங்கள் கார் தள்ளுவது ஆயிரம் கேமராவில் இருக்கும். ராத்திரி ஒரு விபத்து நடந்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறு சாட்சியே வேண்டாம். அந்த மூன்றாவது வழியைச் சிரித்துக்கொண்டே சொல்கிற டீமாக இருந்தால், ஆசையை மூட்டைகட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள். இப்போது இருக்கும் வேலைக்குக் குறைச்சல் ஒன்றுமில்லை.

தூரத்தைப் பற்றி ஒரு கணக்கு. பெரும்பாலான டீம்கள் சார்லட்டைச் சுற்றியே இருப்பதால் டார்லிங்டன், மார்ட்டின்ஸ்வில் எல்லாம் பக்கத்து ஊர். டேடோனா ஒரு நாள். மேற்கே போவதுதான் சோதனை. 2025 ஜூலை 13 கலிஃபோர்னியா சோனோமாவில் ரேஸ், அடுத்த ஞாயிறு ஜூலை 20 டெலவேர் மாநிலத்து டோவரில் ரேஸ்: ஒரு கடலோரத்திலிருந்து மறு கடலோரம். சோனோமாவிலிருந்து சார்லட்டுக்கே கிட்டத்தட்ட 2,700 மைல். ஒருவர் சட்டப்படி ஓட்டினால் நான்கு நாளுக்கு மேல். இருவர் மாற்றி மாற்றி ஓட்டினால் இரண்டு நாள் சொச்சம். ஒருவர் ஓட்ட மற்றவர் பின்னால் படுத்திருக்க வேண்டும். ஓடுகிற வண்டியில் உங்களுக்குத் தூக்கம் வருமா? இது கேலியில்லை. எனக்குத் தெரிந்த நல்ல டிரைவர்கள் சிலர் இந்த ஒரே காரணத்தால் விட்டுப் போனார்கள். அதோடு வழியும் எப்போதும் ஒரே மாதிரி இராது. 2024 செப்டம்பரில் ஹெலன் புயல் வட கரோலினா, டென்னசி எல்லையில் ஐ-40 சாலையை ஆற்றோடு அடித்துக்கொண்டு போனது. 2025 மார்ச் 1 அன்றுதான் திறந்தார்கள், அதுவும் போக ஒரு தடம், வர ஒரு தடம். அந்த மாதங்களில் அந்த வழியாக மேற்கே போக வேண்டியவர்களுக்கு ஐ-77, ஐ-81 என்று சுற்றுவழிதான்.

மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 டேடோனா 500 மழையால் ஞாயிறு நடக்காமல் திங்களுக்குப் போனது. அடுத்த ஞாயிறு அட்லாண்டா, அதற்கடுத்த ஞாயிறு லாஸ் வேகஸ். ஒரு நாள் தள்ளிப்போனால் ரசிகருக்கு ஒரு நாள் லீவு போச்சு. ஷாப்பில் அந்த ஒரு நாளைத் தூக்கத்திலிருந்துதான் எடுப்பார்கள்.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். கப் தொடரில் புள்ளி ரேஸ்கள் மட்டும் 36. பிப்ரவரியில் தொடங்கி நவம்பர் தொடக்கம்வரை. 2025-ல் நடுவே ரேஸ் இல்லாத வாரம் ஈஸ்டர் ஒன்றுதான். பொங்கலுக்கு வீட்டில் இருப்பீர்கள். தீபாவளி சந்தேகம்: 2025-ல் அக்டோபர் 20 திங்கட்கிழமை தீபாவளி, முந்தின நாள் அலபாமாவில் டலடேகா ரேஸ். அந்த வருடம் ஹாலரில் இருந்திருந்தால் விடியற்காலை எண்ணெய்க் குளியல் நேரத்துக்கு ஐ-85-ல் எங்கேயோ இருந்திருப்பீர்கள். மகளின் பிறந்தநாள், கோயில், நண்பர்கள் வீட்டு விசேஷம், தமிழ்ச் சங்கத்து நிகழ்ச்சி எல்லாமே சனி ஞாயிறுதானே? அத்தனைக்கும் உங்கள் மனைவி தனியாகத்தான் போய்வர வேண்டும். “அவர் வரலையா?” என்று பத்துப் பேர் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அவர் தயாரா என்று நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், ஊகிக்கக் கூடாது.

ஆனால் உங்கள் வீட்டுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை நீங்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. லேப் வேலை ஷிஃப்ட் வேலை. மனைவிக்கு செவ்வாய், புதன் விடுப்பு கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்து ஊர் ரேஸ் வாரங்களில் நீங்கள் வீட்டில் இருக்கும் நாட்கள் அவைதான். இரண்டு வயதுக் குழந்தைக்கு ஞாயிறும் தெரியாது, செவ்வாயும் தெரியாது. பள்ளிக்கூடம் தொடங்கும்வரை இந்த ஏற்பாடு ஓடும். அதற்கப்புறம் கஷ்டம். ஆக, மூன்று வருடம் என்று பேசிவைத்துக்கொண்டு இறங்குவது புத்திசாலித்தனம் என்பேன்.

சம்பளம் கொஞ்சம் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். மாதத் தொகையை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். மருத்துவக் காப்பீட்டில் மனைவி, மகள் சேர்க்கைக்கு எவ்வளவு பிடிப்பார்கள், ரோட்டில் இருக்கும் நாட்களுக்குச் சாப்பாட்டுப்படி எவ்வளவு, தடத்தில் ஹோட்டல் அறையா வண்டியிலேயே படுக்கையா, ஜெயித்தால் போனஸில் ஹாலர் டிரைவருக்குப் பங்கு உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்ப்பேச்சில் எல்லா டீமும் ஒரே குடும்பம்தான்.

எதிர்காலம் என்றால், ஹாலரிலிருந்து டீமின் போக்குவரத்து மேலாளராக ஆகலாம், ஆகியிருக்கிறார்கள். ஆனால் டீமே எத்தனை நாள் இருக்கும் என்பது ஸ்பான்சர் கையில். ஃபர்னிச்சர் ரோ ரேசிங் 2017-ல் சாம்பியன், 2018 சீசன் முடிந்ததும் கடையை மூடியது. ஸ்டூவர்ட்-ஹாஸ் கப் தொடரில் இரண்டு சாம்பியன் பட்டம் வாங்கிய டீம், 2024 முடிவோடு அதுவும் போயிற்று. பெரிய டீம்களுக்கே இந்தக் கதி என்றால் உங்களைக் கூப்பிட்டிருக்கும் டீமைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குள்ள ஒரே பாதுகாப்பு கறைபடாத உரிமம். டீம் மூடினாலும் மறுவாரமே சரக்கு வண்டியில் ஏறிவிடலாம். லாக் விஷயத்தில் நான் இவ்வளவு கறாராகப் பேசுவதற்கு இதுவும் காரணம்.

இவ்வளவு பயமுறுத்திவிட்டுச் சொல்கிறேன், போகலாம் என்பதுதான் என் கட்சி. சரக்கு வண்டியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஹாலரை டிரக் ஸ்டாப்பில் நிறுத்தினால் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள், டிரைவர் படம் போட்ட ஹீரோ கார்டு கேட்டு. கேபினில் ஒரு கட்டு வைத்துக்கொள்ளுங்கள். லாஸ் வேகஸில் ரேஸுக்கு முன் ஹாலர்கள் எல்லாம் விளக்குப் போட்டுக்கொண்டு ஸ்டிரிப் வீதியில் ஊர்வலம் போவது உண்டு. நம் ஊர்த் தேரோட்டம் மாதிரி ஜனம் இரண்டு பக்கமும் நிற்கும். தடத்தில் ஒருவரை ஒருவர் முட்டிக்கொள்ளும் டீம்களின் ஹாலர் டிரைவர்கள், வழியில் ஒருவருக்கு டயர் போனால் கூட நிறுத்திக் கைகொடுப்பார்கள். இந்தத் தொழிலுக்கு வம்சம் வேறு இருக்கிறது. 1949-ல் சார்லட்டில் நடந்த இந்தத் தொடரின் முதல் ரேஸுக்கு லீ பெட்டி என்ற ரேஸ் டிரைவர் ஒரு ப்யூக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து, அதையே பந்தயத்தில் விட்டுக் கவிழ்த்தார். வீட்டுக்குத் திரும்ப வண்டி இல்லை. காரை ஏற்றிப்போக இன்னொரு வண்டி வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்துபோயிருக்கும்.

உடனே இப்போதைய வேலையை விட்டுவிடாதீர்கள். சில டீம்கள் தொலைதூர ரேஸ்களுக்கு இரண்டாவது டிரைவராக வெளியாளைச் சேர்த்துக்கொள்ளும். “ஒரு ட்ரிப் மாற்று டிரைவராக வருகிறேன், அப்புறம் பேசலாம்” என்று கேளுங்கள். டார்லிங்டனோ சார்லட்டோ கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ராத்திரியே வீடு திரும்பிவிடலாம், அதில் ஒன்றும் தெரியாது. லாஸ் வேகஸ், ஃபீனிக்ஸ், சோனோமா, இவற்றில் ஒன்று கேட்டு வாங்குங்கள். உங்கள் கம்பெனியில் விடுப்புக்கு இப்போதே எழுதிக்கொடுங்கள், ஒரு வாரம் போதாது, பத்து நாளாகப் போடுங்கள்.